பாஸ்புக்கில் இருந்த முதல் அறிகுறி: மனநோயாகத் தொடங்கிய ஒரு வில்சன் நோய்

இந்த ஆய்வில் வரும் பெண்ணும் அவருடைய தாயும் இதை எழுதுவதற்குச் சம்மதம் தந்தார்கள். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோய் போன போக்கையும் நான் செய்த பிழையையும் மாற்றவில்லை. வில்சன் நோய் என்பது உடலில் செம்பு வெளியேறாமல் சேரும் ஒரு மரபுவழி நோய்.

முதல் வருகை

அவருக்கு வயது 20. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் தாயோடு பீடி சுற்றிவந்தார். ஊர், முக்கூடலுக்கும் ஆலங்குளத்துக்கும் இடையில் ஒரு கிராமம். ஐப்பசி மழையில் இரண்டு பஸ் மாறி, தாயும் ஆச்சியும் அவரைப் பாளையங்கோட்டையில் மனநல மருத்துவரான என்னிடம் அழைத்து வந்திருந்தார்கள்.

நான்கு மாதமாகத் தூக்கமில்லை என்றார் தாய். திடீரென்று அழுகிறாள், அழுது முடிக்கும் முன்பே சிரிக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறாள். சோற்றுத் தட்டைத் தூக்கி எறிகிறாள். ஒரு நாள் ஆச்சியின் மேலேயே கையை ஓங்கிவிட்டாள். அதுவரை வீட்டில் குரல் உயர்த்தாத பெண் அவர். குலதெய்வமான சுடலைமாடன் கோயிலில் குறி கேட்டு, கயிறு கட்டி, நாற்பத்தெட்டு நாள் காத்திருந்துவிட்டு என்னிடம் வந்திருந்தார்கள். அதற்காக நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. நள்ளிரவிலும் கதவு திறந்திருந்த இடம் அதுதான்.

அரை மணி நேரம் பேசினேன். காதில் குரல் கேட்பதாக அவர் சொல்லவில்லை. சந்தேகம் உறுதியாக இருந்தது. மனநிலை நிமிடத்துக்கு நிமிடம் மாறியது. ‘புதிதாகத் தொடங்கிய மனப்பிறழ்வு’ என்று எழுதி, அதற்கான மருந்தான ரிஸ்பெரிடோன் 2 மில்லிகிராம் கொடுத்தேன். அவருடைய கைகளை நீட்டச் சொல்லிப் பார்க்கவில்லை. நாக்கைப் பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்துப் பேசினேனே தவிர, கண்ணைச் சோதிக்கவில்லை.

மூன்று வாரத்தில் தூக்கம் வந்தது, சந்தேகம் தணிந்தது. கூடவே உடல் இறுகியது, வாயோரம் எச்சில் வழிந்தது, பேச்சு குழறியது. ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் இப்படிச் செய்யும் என்பது எங்கள் துறையில் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொள்வது. அதனால் நான் கலங்கவில்லை. இறுக்கத்தைத் தளர்த்தும் டிரைஹெக்ஸிபெனிடில் சேர்த்தேன், ரிஸ்பெரிடோனைப் பாதியாக்கினேன், பிறகு முழுவதும் நிறுத்தினேன். தை மாதம் வந்தபோது மருந்தை நிறுத்தி ஆறு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. இறுக்கம் அப்படியே இருந்தது. “மருந்தின் விளைவுதான் அம்மா, சிலருக்குச் சரியாகக் கொஞ்சம் நாள் பிடிக்கும்” என்றேன்.

தாய் அதை ஏற்கவில்லை. “இல்லை ஐயா, உங்கள் மாத்திரையைத் தொடுவதற்கு முன்பே இவள் கை விளங்கவில்லை. கடையில் கணக்கு இருக்கிறது” என்று சொல்லி, பைக்குள் கையை விட்டுப் பீடிக் கடையின் பாஸ்புக்கை எடுத்து மேசையில் வைத்தார்.

பாஸ்புக்

பீடி சுற்றும் பெண்கள் கடையில் இலையும் தூளும் நூலும் வாங்கிப் போய், சுற்றிய பீடியைத் திரும்பக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கொடுத்தது எத்தனை, சரியில்லை என்று கழித்தது எத்தனை என்று அன்றன்றைக்கு அதில் எழுதப்படும். பல வீடுகளில் ஒரே புத்தகத்தில் எல்லோருடைய பீடியும் ஏறும். இந்த வீட்டில் அப்படியில்லை. மகள் கணக்கில் வரும் காசு மகளின் நகைக்கு என்று தாய் கறாராக வைத்திருந்தார். ஆகவே அந்தப் புத்தகத்தில் இருந்த ஒவ்வொரு எண்ணும் இந்தப் பெண்ணின் விரல்கள் செய்த வேலை.

பங்குனி வரை நாளொன்றுக்கு 900, 950. கழிவு பத்தோ பன்னிரண்டோ. சித்திரையில் 800 சொச்சம். புத்தகத்தில் ஆங்கில மாதம்தான் இருந்தது, தாய் பக்கம் பக்கமாக விரலை வைத்துத் தமிழ் மாதமாக மாற்றிச் சொன்னார். “இது நெல்லையப்பர் ஆனித் தேர் சமயம்.” அந்த வாரம் 620, கழிவு 40. ஆடியில் 480. ஆவணியில் 300, கழிவு 90. புரட்டாசியில் பாதி நாள்கள் வெறுமையாக இருந்தன. என் முதல் மாத்திரை ஐப்பசியில்.

அந்தப் பக்கங்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அழுகையும் சந்தேகமும் தொடங்கியது ஆனியில். விரல்கள் தடுமாறத் தொடங்கியது அதற்கும் முன்பே, சித்திரையில். மனம் கெட்டதால் வேலை குறைந்தது என்று நினைக்கவும் இடமிருந்தது. ஆனால் மனம் ஒட்டாமல் வேலை செய்பவர் குறைவாகச் சுற்றுவார், சுற்றியது ஏறக்குறைய ஒழுங்காகவே இருக்கும். இங்கே எண்ணிக்கை மூன்றில் ஒன்றாக இறங்கியபோது கழிவு எட்டு மடங்கு ஏறியிருந்தது. கெட்டது கை.

தாயின் பையில் வெட்டிய இலையும் நூலும் கொஞ்சம் தூளும் இருந்தன. ஒன்று சுற்றிக் காட்டச் சொன்னேன். இலையை இடது உள்ளங்கையில் வைத்தார். தூளைக் கிள்ளியபோது கட்டைவிரல் உள்நோக்கி வளைந்து, சுட்டுவிரலைத் தொடாமல் அப்படியே நின்றது. இரண்டாம் முறை கிள்ளியதில் பாதி மடியில் சிந்தியது. உருட்டும்போது தோளிலிருந்து ஒரு நடுக்கம் இறங்கி வந்தது. முனையை மடக்க வலக்கை மறுத்ததால் இலையைப் பல்லுக்குக் கொண்டுபோனார், பிறகு வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார். நூல் மூன்று முறை நழுவியது. ஒரு பீடிக்கு நான்கு நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு மாறாமல் இருந்தது. கண்ணில் நீர் தேங்கியிருந்தது, உதடுகள் மட்டும் விரிந்திருந்தன.

முதல் நாள் ‘காரணமற்ற சிரிப்பு’ என்று நான் எழுதிய குறிப்பில் பாதி, முகத்தசையின் முறுக்கம். பக்கத்து வீட்டுப் பெண்கள் பேசுகிறார்கள் என்று அவர் சொன்னதும் முழுக்கக் கற்பனையாக இருந்திருக்க முடியாது. தினமும் பீடி கழிக்கப்பட்டுக் கடையில் திட்டு வாங்கும் பெண்ணைப் பற்றி நாலு பேர் பேசத்தான் செய்திருப்பார்கள்.

சோதனைகள்

கைகளை மார்புக்கு நேரே மடக்கி வைக்கச் சொன்னதும் முழங்கை இரண்டும் பறவை சிறகடிப்பதுபோல் மேலும் கீழும் ஆடின. டார்ச் ஒளியில் கருவிழியின் மேல் ஓரத்தில் பழுப்பாக ஒரு வளைவு தெரிவதுபோல் இருந்தது. நம்மவர்களின் கரும்பழுப்புக் கண்ணில் டார்ச்சை நம்பி எதையும் சொல்லக் கூடாது. அன்றே கண் மருத்துவரிடம் அனுப்பினேன். கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் கருவியில் இரண்டு கண்ணிலும் முழு வளையம் இருந்தது. கைசர்–ஃபிளைஷர் வளையம் என்பது இதுதான்: கருவிழியின் உட்படலத்தில் படிந்த செம்பு.

இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் 100 மில்லிலிட்டருக்கு 7 மில்லிகிராம். இயல்பாக 20-க்கு மேல் இருக்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் சேர்த்த சிறுநீரில் 286 மைக்ரோகிராம் செம்பு. 100-ஐத் தாண்டினாலே வில்சன் நோயை வலுவாகச் சந்தேகிக்க வேண்டும். ஆய்வகம் கொடுத்த, செம்பு கலக்காத கேனை இருபத்துநான்கு மணி நேரமும் தாய் பக்கத்திலேயே வைத்துக் காத்தார். வேறு பாத்திரத்தில் பிடித்து ஊற்றினால் கணக்குக் கெட்டுவிடும் என்று ஒரு முறைதான் சொன்னேன். ஸ்கேனில் கல்லீரல் கரடுதட்டியிருந்தது, மண்ணீரல் சற்றுப் பெருத்திருந்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் அடித்திரள்களிலும் தலாமஸிலும் நடுமூளையிலும் மாற்றங்கள் இருந்தன. அறிகுறிகளையும் சோதனை முடிவுகளையும் கூட்டி வில்சன் நோயைக் கண்டறியும் லைப்சிக் மதிப்பெண் முறையில் 4 வந்தாலே நோய் உறுதி. இவருக்கு 8.

நரம்பியல் மருத்துவர் ஒருவரையும் கல்லீரல் மருத்துவர் ஒருவரையும் அன்றிலிருந்து இந்தச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டேன்.

செம்பு எப்படி மனத்தைத் தொடுகிறது

நாம் உண்ணும் உணவில் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் செம்பு இருக்கிறது. உடலுக்கு அது வேண்டும். மிஞ்சியதைக் கல்லீரல் பித்தத்தோடு சேர்த்து வெளியே தள்ளுகிறது. தள்ளும் வேலையைச் செய்யும் புரதத்துக்கான மரபணு 13-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஏ.டி.பி.7பி. 1993-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரண்டு பிரதிகளும் பழுதானால் செம்பு வெளியேற வழியில்லாமல் கல்லீரலில் சேர்கிறது. கல்லீரல் நிறைந்ததும் இரத்தத்தில் வழிந்து மூளையை அடைகிறது. அங்கே அது அதிகம் கெடுக்கும் இடம் அடித்திரள்கள்.

இந்த அடித்திரள்களைக் கை கால் அசைவுக்கான இடம் என்று மட்டும் நாங்கள் பல காலம் கற்பித்துவிட்டோம். அங்கிருந்து மூளையின் முன்பகுதிக்குப் போய்த் திரும்பும் நரம்புச் சுற்றுகள் பல. ஒன்று விரலை நடத்துகிறது. இன்னொன்று கோபத்தை அடக்குகிறது. மற்றொன்று, ஒரு காரியத்தைத் தொடங்க வேண்டும் என்ற உந்துதலைத் தருகிறது. ஒரே இடத்தில் செம்பு படியும்போது பீடியும் கைநழுவும், பொறுமையும் கைநழுவும். நோய் வந்த கவலையில் மனம் கெட்டது என்று இதை விளக்கினால் போதாது. அந்தக் கவலையும் வரும், ஆனால் அது பிறகு வருவது.

சாமுவேல் அலெக்சாண்டர் கின்னியர் வில்சன் 1912-இல் இந்த நோயை விவரித்தபோதே மனநிலை மாற்றங்களையும் குறித்து வைத்தார். வில்சன் நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே மனநல மருத்துவரைப் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் அந்த ஐந்தில் ஒருவருக்கு முதலில் திறக்கும் கதவு என்னுடையது. இளவயதில் புதிதாக மனப்பிறழ்வோடு வருபவரிடம் எழுத்து மாறியதா, தையல் மாறியதா, பால் கறப்பது மாறியதா என்று நான் கேட்காவிட்டால் கேட்க வேறு ஆளில்லை. ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் போன்றவற்றுக்கு இவர்களின் உடல் மிகச் சிறிய அளவிலேயே இறுகிவிடும். அந்த இறுக்கத்தை மருந்தின் பக்கவிளைவு என்று எழுதிவிட்டு நகர்ந்தால், அடியில் இருக்கும் நோய்க்கு நாமே திரை போட்டதாகிவிடும். நான் மூன்று மாதம் அப்படித்தான் போட்டு வைத்திருந்தேன்.

சிகிச்சை

பெனிசிலமின், செம்பைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து. ஜான் வால்ஷ் 1956-இல் வில்சன் நோய்க்கு அதை அறிமுகப்படுத்தினார். அதுவரை இந்த நோய் வந்தவர்கள் இறந்துகொண்டிருந்தார்கள். வெறும் வயிற்றில் 250 மில்லிகிராமில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏற்றினோம், கூடவே பைரிடாக்ஸின் (வைட்டமின் பி6). நரம்பு பாதித்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்த மருந்து முதலில் நோயைக் கூட்டிக் காட்டும் என்பதைத் தொடங்கும் முன்பே தாயிடமும் பெண்ணிடமும் சொன்னேன். சொல்லியிருந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. ஐந்தாம் வாரத்தில் விழுங்குவதே சிரமமானது. கஞ்சியைக் கரண்டியால் ஊட்ட வேண்டியிருந்தது. மருந்தின் அளவை ஒரு படி இறக்கிப் பொறுத்திருந்தோம். மூன்றாம் மாதத்தில் எச்சில் வழிவது குறைந்தது.

சந்தேகத்துக்கும் தூக்கமின்மைக்கும் குறைந்த அளவில் குவெடியாபின் கொடுத்தேன். அதில் உடல் இறுகவில்லை. மனநிலையை நிலைப்படுத்தும் வால்புரோயேட்டை, கல்லீரலை நினைத்துத் தொடவில்லை. மனப்பிறழ்வுக்கான இன்னொரு மருந்தான குளோசாபினும் பெனிசிலமினும் இரண்டுமே இரத்த அணுக்களைக் குறைக்கக்கூடியவை என்பதால் அந்தச் சேர்க்கையையும் தவிர்த்தேன்.

நான்காம் மாதத்தை நான் மறக்கவில்லை. கை சற்றுத் தெளிந்தது, பேச்சு புரியத் தொடங்கியது, வீட்டார் மகிழ்ந்தார்கள். அப்போதுதான் அவர் பேசுவதை நிறுத்தினார். சந்தேகம் போய்விட்டது. தனக்கு என்ன நடந்தது என்பது தெரிந்துவிட்டது. தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டேன். “எத்தனை காலம் மாத்திரை, டாக்டர்?” என்றார். வாழ்நாள் முழுவதும் என்றேன். “எனக்காக அம்மா எத்தனை பீடி சுற்றுவார்கள்?” என்று கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். தலையசைத்தார். கிணற்றடிக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பியதாகச் சொன்னார்.

இப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். கேட்பதால் அது வளர்வதில்லை. யாரிடமும் சொல்ல முடியாமல் இருப்பதுதான் ஆபத்து. அன்று தாயையும் உள்ளே அழைத்து, பெண்ணின் சம்மதத்தோடு அதைச் சொன்னேன். இரவில் ஆச்சி அவரோடு படுப்பது, மாத்திரைகளைத் தாய் பூட்டி வைப்பது, வாரம் ஒரு முறை நான் போனில் பேசுவது என்று முடிவானது. மனச்சோர்வுக்குக் குறைந்த அளவில் செர்ட்ராலின் தொடங்கினேன். மனச்சோர்வு விலக மூன்று மாதம் ஆனது. செம்பு வெளியேறினால் மனம் தானே சரியாகிவிடும் என்று காத்திருந்தால் இந்தப் பெண்ணை இழந்திருப்போம் என்றே நம்புகிறேன்.

வீட்டில் மற்றவர்கள்

முதல் நாள் ‘உடன்பிறந்தோர்: அக்கா, தம்பி’ என்று எழுதியிருந்தேன். இருப்பவர்களை மட்டும் கேட்டிருக்கிறேன். மூத்த மகன் ஒருவன் இருந்தான். பதினோராம் வயதில் மஞ்சள் காமாலை, வயிறு வீங்கி, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தும் கேட்காமல் இரண்டு வாரத்தில் போய்விட்டான். அவனுக்கு வந்ததும் இதுவாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம். சிறுவயதில் இந்த நோய் கல்லீரலில்தான் முதலில் தெரியும்.

பெண்ணின் தாய் மணந்தது சொந்தத் தாய்மாமனை. அதாவது, ஆச்சி தன் தம்பிக்கே மகளைக் கொடுத்திருக்கிறார். வில்சன் நோய் ஒடுங்கு மரபில் வருவது, அதாவது இரண்டு பிரதியும் பழுதானால்தான் வரும். உலகில் ஏறக்குறைய 30,000 பேரில் ஒருவருக்கு நோய், 90 பேரில் ஒருவருக்குப் பழுதான ஒற்றைப் பிரதி என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. ஒற்றைப் பிரதி மட்டும் உள்ளவருக்கு நோய் வராது. ஒரே கொடிவழியில் மணம் முடிக்கும்போது, இருவரிடமும் அதே பழுது இருக்கும் வாய்ப்புக் கூடிவிடுகிறது. அப்படிப்பட்ட பெற்றோருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இதை நான் விளக்கியபோது ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “நான்தானே கட்டிவைத்தேன்” என்றார். யார் செய்த குற்றமும் இல்லை ஆச்சி, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்துக் கட்ட முடியாது என்று சொன்னேன். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைக் கேட்டார், ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொன்னேன்.

தம்பிக்கு 14 வயது, கபடி ஆடுகிறவன், எந்தத் தொந்தரவும் இல்லை. செருலோபிளாஸ்மின் 11. மரபணுச் சோதனையில் அக்காளுக்கு இருந்த அதே மாற்றம் இரண்டு பிரதியிலும். கண்ணில் வளையம் இல்லை, கல்லீரல் நொதிகள் மட்டும் ஏறியிருந்தன. குடலில் செம்பு ஏறாமல் தடுக்கும் துத்தநாக மாத்திரையை, சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில் மூன்று வேளை தொடங்கினோம். இதை விடாமல் எடுத்தால் அவன் நோயே தெரியாமல் வாழலாம். பெரிய அக்காளுக்கு ஒற்றைப் பிரதி மட்டும். அவருக்குப் பேசி வைத்திருந்த மாமன் மகனும் தானாகவே சோதனைக்கு இணங்கினார். அவரிடம் அந்த மாற்றம் இல்லை. வைகாசியில் கல்யாணம் நடந்தது.

எல்லா மரபுவழி இயக்கக் கோளாறுக்கும் இப்படி ஓடிப்போய்ச் சோதிக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஹண்டிங்டன் நோய் ஓங்கு மரபில் வருவது, ஒரு பிரதி பழுதானாலே போதும், பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஜார்ஜ் ஹண்டிங்டன் 1872-இல் எழுதியபோதே மனநோயும் தற்கொலை நாட்டமும் அதன் தன்மைகள் என்று குறித்தார். அங்கேயும் எரிச்சலும் மனச்சோர்வும் அசைவுகளுக்குப் பல ஆண்டு முன்பே வரலாம். ஆனால் நோயை நிறுத்தும் மருந்து இல்லை. அதனால் நலமாக இருக்கும் சிறுவர்களைச் சோதிப்பதில்லை, வயது வந்தவர் ஆலோசனை பெற்றுத் தாமாக முடிவெடுக்க வேண்டும். வில்சன் நோயில் மருந்து இருக்கிறது, ஆகவே உடன்பிறந்த குழந்தையைச் சோதிக்காமல் விடுவதுதான் தவறு. இன்னொன்று, காலையில் ஓடியாடிவிட்டு மாலையில் கால் முறுக்கி நடக்க முடியாமல் போகும் குழந்தைகள். பள்ளிக்குப் போகப் பயந்து நடிக்கிறாள் என்று என்னிடம் அழைத்து வருவார்கள். அவர்களில் சிலருக்கு இருப்பது, சிறிய அளவு லெவோடோபா மருந்தில் சரியாகிவிடும் மரபுவழித் தசைமுறுக்கம்.

வீட்டுச் செம்பு

அந்த வீட்டில் ஒரு செம்புத் தவலை இருந்தது, ஆச்சியின் சீதனம். இரவில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது உடம்புக்கு நல்லது என்று பேத்திக்கு இரண்டு டம்ளர் கூடுதலாகவே கொடுத்துவந்தார். நோய் அதனால் வரவில்லை, ஆனால் இனி இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அது ஆகாது. ஈரல், நண்டு, இறால், காளான், முந்திரி, சாக்லேட் ஆகியவற்றையும் தள்ளி வைக்கச் சொன்னேன். சித்த மருந்து எடுப்பதாக இருந்தால் நோயின் பெயரை வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டும், தாமிர பற்பம் சேர்ந்த எதுவும் கூடாது. தாய் ஒரு சந்தேகம் கேட்டார்: “ஆற்றுத் தண்ணீர்தானே ஐயா குடிக்கிறோம், தாமிரபரணி என்று பெயரிலேயே தாமிரம் இருக்கிறதே?” ஆற்றின் பெயருக்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை, குழாயில் பிடித்து எவர்சில்வர் குடத்தில் வையுங்கள் என்றேன்.

இப்போது

இரண்டு ஆண்டு மூன்று மாதம் ஆகிறது. கண்வளையம் மங்கிவருகிறது. பேச்சில் குழறல் மிச்சமிருக்கிறது. கோபம் வந்தால் உடனே தெரிந்துகொண்டு கொல்லைப்புறம் போய் நின்றுவிட்டு வருகிறார். செர்ட்ராலின் தொடர்கிறது. குவெடியாபினைப் பங்குனிக்குப் பிறகு குறைத்துப் பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரத்தமும் சிறுநீரும் பார்க்கிறோம். அந்த ஒரு நாளில் தாய்க்கும் மகளுக்கும் கூலி போகிறது என்பதால், மூன்று துறைக்கும் ஒரே நாளில் வரும்படி ஏற்பாடு செய்துகொண்டோம்.

பீடிக் கடைக்கு அவர் இன்னும் தானே போவதில்லை, தாய்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறார். பாஸ்புக்கை மட்டும் ஒவ்வொரு முறையும் பைலோடு சேர்த்து எடுத்து வருகிறார், நான் கேட்பதில்லை. போன மாதப் பக்கத்தில் ஒரு நாள் 410, கழிவு 14. அதற்கு அடுத்த நாள் 380. அதற்கும் அடுத்த நாள் ஒன்றும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். அக்காளுக்கு வளைகாப்பு என்றார்.